வழங்கிக்குள் என்னென்ன இருக்கின்றன?

சேத்தியாத்தோப்பு மாணவி ஒருத்தி, வீராணம் ஏரியின் நீர்மட்டத்தை வரைபடமாக்கப் பைதானில் நிரல் எழுதினாள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஓடிய நிரல் பள்ளியின் வழங்கிக் கணினியில் ‘மேட்பிளாட்லிப் என்ற கூறு இல்லை’ என்று நின்றுவிடுகிறது. அங்கே உள்ள கூறுகளை அறிவது எப்படி?

‘பிப் லிஸ்ட்’ என்ற கட்டளை, நிறுவிய தொகுப்புகளைப் பதிப்பு எண்ணுடன் காட்டும். ஆனால் நாம் அன்றாடம் பயன்படுத்தும் ‘மேத்’ அதில் இராது! அது பைதானுடன் பிறந்தது, தனியே நிறுவியதன்று. பைதானுக்குள் சென்று ‘ஹெல்ப்’ கட்டளையிடம் ‘மாட்யூல்ஸ்’ என்று கேட்டால் இருவகையும் வரும். சற்று நேரமாகும், பொறுத்திருங்கள்.

சென்னை சி-டாக் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில், தளத்தின் சொந்த வேலைகளுக்கே ஒரு பைதான் இருக்கும். ஆசிரியர் வேறொன்றையும் நிறுவியிருக்கலாம். ஒன்றின் சரக்கு மற்றதற்குத் தெரியாது. ஆகவே நிரலை ஓட்டும் அதே பைதானிடம்தான் பட்டியலைக் கேட்க வேண்டும்.