திருதியையும் மாசி மகமும்

டீ கொஞ்சம் ஆறட்டும். அட்சய திருதியைக்குத் தங்கம் வாங்கும் வழக்கம் உங்கள் பாட்டி வீட்டில் இருந்ததா? செங்கல்பட்டில் இப்போதெல்லாம் அன்று காலையில் நகைக்கடை வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால், ஆதிகாலத்து வழக்கம் போலத்தான் தெரியும்.

நாள் பழசுதான். சித்திரை மாத வளர்பிறைத் திருதியை. அன்று தண்ணீர், தயிர்சாதம், விசிறி என்று வெயிலுக்கு உதவுவதைத் தானம் கொடுத்தால் புண்ணியம் குறையாது என்பார்கள். சமணர்கள் ஓராண்டு நோன்பைக் கரும்புச்சாறு குடித்து முடிப்பதும் அன்றுதான். கொடுத்தால் குறையாது என்பதை, வாங்கினால் பெருகும் என்று திருப்பிப் போட்டவை கடந்த சில பத்தாண்டுகளின் நகைக்கடை விளம்பரங்கள். (நல்ல காரியம் செய்யாத ஆடியையே தள்ளுபடி மாதமாக்கியவர்கள் நம் ஊர் வியாபாரிகள், திருதியை எம்மாத்திரம்?)

சூட்சுமம் கெடுவில் இருக்கிறது. திருதியை முடிவதற்குள் வாங்கியாக வேண்டும். அந்த நெரிசலில் செய்கூலி, சேதாரம் பற்றி யார் பேரம் பேசுவார்கள்? ஒரு கிராம் நாணயம் வாங்கி மறுநாளே விற்றுப் பாருங்கள். 3 சதவீத ஜிஎஸ்டியும் கூலியும் திரும்பி வராது. குறையாதது ஒரே ராத்திரியில் குறைந்துவிடும்.

கையில் மொத்தமாகக் காசில்லாதவர்களுக்கு, மாதாமாதம் கட்டும் நகைச் சீட்டு. அது ஏன் பெரும்பாலும் 11 மாதம்? பொருளுக்கு வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்கு மேல் வைத்திருந்தால், 2014ஆம் ஆண்டின் நிறுவன விதிகளின்படி அது வைப்புத்தொகை ஆகிவிடும், கட்டுப்பாடுகள் வந்துசேரும். அதனால் வருடம் திரும்புவதற்குள் கணக்கை முடிக்கிறார்கள். முடிவில் பெரும்பாலும் பணமாகத் தரமாட்டார்கள், நகைதான்.

பெரிய வியாபாரிகள் தொடாத திருநாளும் உண்டு. இதே செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரக் கடற்கரையில் மாசி மகத்துக்கு இருளர் பழங்குடியினர் கூடுகிறார்கள். சேலையாலும் தார்ப்பாயாலும் கூடாரம் போட்டு மணலிலேயே தங்கி, பௌர்ணமி விடியலில் மணலால் ஏழு படி கட்டிக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். பெண் பார்ப்பது, நிச்சயம், கல்யாணம், காதுகுத்து எல்லாம் அங்கேயே. வளையல் கடையும் பொம்மைக் கடையும் அங்கேயும் உண்டு. ஆனால் கடைகள் இல்லாவிட்டாலும் மகம் நடக்கும்.

இதைப் புனிதமாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. இருளர்களிடம் பறிக்கப் பெரிதாக எதுவும் இல்லை, அதனால் பெரிய வியாபாரி அந்தப் பக்கம் வரவில்லை. நாலு காசு சேர்ந்தால் அந்த மணலிலும் சீட்டுப் புத்தகத்தோடு ஒருவர் மேசை போடுவார் என்றுதான் நினைக்கிறேன்.