தலைமை ஓர் அமானிதம்: மென்பொருள் துறை இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள்

நமது திருவண்ணாமலையிலிருந்து சென்னையும் பெங்களூரும் ஏறத்தாழ ஒரே தூரம். இரண்டுக்கும் சுமார் 200 கிலோமீட்டர். இரு நகரங்களின் ஐ.டி. நிறுவனங்களிலும் நம் ஊர்ப் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். பெருநாள் விடுமுறைக்கு வந்திருந்த ஒரு சகோதரர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்தார். எட்டு ஆண்டுகளாக மென்பொருள் எழுதுபவர். "ஹஜ்ரத், என்னை டீம் லீட் ஆக்கப் போகிறார்கள். ஏழு பேர் எனக்குக் கீழே வருவார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்குத்தான் பயமாக இருக்கிறது. துஆ செய்யுங்கள்" என்றார்.

அந்தப் பயம் நல்ல பயம் என்றே நமக்குப் பட்டது. கோடிங் நமக்குத் தெரியாது. ஆனால் பொறுப்பைக் குறித்து மார்க்கம் கற்றுத் தந்தது இத்துறைக்கும் பொருந்தும்.

நேற்றுவரை அவருடைய வேலை, தன் கணினியில் தன் கையால் முடிப்பது. இனி ஏழு பேரின் வேலை சரியாக நடப்பதுதான் அவருடைய வேலை. யாருக்கு எதைக் கொடுப்பது, எத்தனை நாளில் முடியும் என்று வாடிக்கையாளரிடம் சொல்வது, பிறர் எழுதிய கோடைப் பார்த்துத் திருத்தம் சொல்வது, நள்ளிரவில் சர்வர் நின்றால் பதில் சொல்வது எல்லாம் அவர் தலையில் வரும். புதிதாகத் தலைமைக்கு வருபவர்கள் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இளையவர் தாமதித்தால், "கொடு, நானே எழுதிவிடுகிறேன்" என்று வாங்கிக்கொள்கிறார்கள். அன்றைய வேலை முடிந்துவிடும். அந்த இளையவர் கடைசிவரை கற்றுக்கொள்ள மாட்டார்.

2002-இல் கூகுள் நிறுவனம், பொறியாளர்களுக்கு மேலாளரே வேண்டாம் என்று சில மாதங்கள் நடத்திப் பார்த்தது. செலவுக் கணக்கும் ஊழியர் பிணக்கும்கூட நிறுவனர் லாரி பேஜிடமே போய் நின்றதால் அதைக் கைவிட்டது. பின்னர் 2008-இல் அங்கே தொடங்கிய 'புராஜெக்ட் ஆக்சிஜன்' ஆய்வு, நல்ல மேலாளரின் எட்டுப் பண்புகளை வரிசைப்படுத்தியது. குழுவினருக்கு நல்ல பயிற்சியாளராக இருப்பது முதலிடம் பெற்றது. தொழில்நுட்பத் திறமைக்குக் கிடைத்தது எட்டாம் இடம்.

தலைமை என்பது தனித் தகுதி என்பதை நபி (ஸல்) அவர்கள் அன்றே உணர்த்தினார்கள். அபூதர் (ரலி) அவர்கள் இறையச்சத்திலும் உண்மை பேசுவதிலும் உயர்ந்த நபித்தோழர். அவர்களிடமே, இருவருக்குக்கூடத் தலைமை ஏற்க வேண்டாம் என்ற கருத்தில் நபியவர்கள் அன்புடன் அறிவுறுத்திய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பதவி ஓர் அமானிதம். அதன் கடமையை நிறைவேற்றாதவருக்கு மறுமையில் அது கைசேதமாகும் என்பதையும் அங்கே காண்கிறோம்.

அமானிதம் பேணிய தலைமைக்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. ராமேஸ்வரத்தின் அப்துல் கலாம் எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் திட்ட இயக்குநராக இருந்தார். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஏவும் நேரத்தில் கணினி நிறுத்தச் சொன்னது. நிபுணர்கள் தந்த நம்பிக்கையில் அதை மீறி ஏவ முடிவெடுத்தவர் கலாம். ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பத்திரிகையாளர்களின் முன் வந்து தோல்விக்குத் தாமே பொறுப்பேற்றார் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிடைத்தபோது, "நீங்கள் போய்ப் பேசுங்கள்" என்று கலாமை அனுப்பினார். இந்த நிகழ்வைக் கலாம் வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தார்.

இளையவரின் உழைப்பைத் தன் பெயரில் காட்டுவதும், தன் தவறைக் குழுவின் மேல் போடுவதும், ஆண்டு மதிப்பீட்டில் பிடித்தவருக்கு ஏற்றிப் பிடிக்காதவருக்குக் குறைப்பதும் இந்த அமானிதத்தில் செய்யும் மோசடிகள். அந்த மதிப்பெண்ணில் ஒரு குடும்பத்தின் சம்பள உயர்வு இருக்கிறது. அவர் எந்த மதத்தவரானாலும் அவருடைய ஹக்குக்கு நாம் பதில் சொல்ல வேண்டும்.

சரி, தலைமை ஏற்காவிட்டால் வளர்ச்சி இல்லையா? அப்படியில்லை. பல நிறுவனங்களில் ஆட்களை நிர்வகிக்காமல், பொறியாளராகவே பிரின்சிபல் என்ஜினியர் வரை உயரும் வழி உண்டு. ஏற்றபின் திரும்புவதும் அவமானமல்ல. தென்காசியிலிருந்து இயங்கும் சோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு, 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பதவியை விட்டு, ஆராய்ச்சியில் கவனம் செலுத்தத் தலைமை விஞ்ஞானி பொறுப்புக்கு மாறினார். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஷாம் படைத்தலைமை காலித் பின் வலீத் (ரலி) அவர்களிடமிருந்து அபூ உபைதா (ரலி) அவர்களுக்கு மாற்றப்பட்டது. காலித் (ரலி) அவர்கள் புதிய தளபதியின் கீழ்த் தொடர்ந்து போரிட்டார்கள்.

அந்தச் சகோதரரிடம் நாம் சொன்னது இதுதான்: "தம்பி, முதலில் இஸ்திகாரா செய்யுங்கள். ஏற்றுக்கொண்டால், வாரம் ஒருமுறை ஏழு பேரிடமும் தனித்தனியே உட்கார்ந்து பேசுங்கள். முடிவெடுக்கும் முன் மஷூரா செய்யுங்கள். தவறு நடந்தால் முன்னால் நில்லுங்கள், பாராட்டு வந்தால் அவர்களை முன்னால் அனுப்புங்கள்."

பொறுப்பேற்கும் நம் பிள்ளைகளுக்கு நீதியோடு நடக்க அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக, ஆமீன்.