தொழுவத்து 'பாபி'க்கு திடீர் மவுசு! வெட்டினால் போச்சு, வெல்டிங்கில் உயிரே போகும்!

நெல்லை:

தொழுவத்து மூலையில், வைக்கோலுக்கும் உடைந்த கட்டிலுக்கும் நடுவே, சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடக்கும் குட்டி மோட்டார் சைக்கிள். சின்னச் சக்கரம், தாழ்ந்த சீட், ஆட்டுக்கிடாய் கொம்பு போல் மேலே தூக்கிய ஹேண்டில்பார். 'பழைய இரும்புக்குப் போடு' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்த அந்த வண்டியைத்தான் இன்றைய வாலிபர்கள் தேடி அலைகிறார்கள்!

அதுதான் 'ராஜ்தூத் ஜி.டி.எஸ். 175'. ஊர் வைத்த செல்லப் பெயர் 'பாபி'.

பத்தமடை, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கத்தில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு வண்டி கிடந்தால், ஸ்பேனரைத் தொடும் முன்னால் இதை முழுசாகப் படியுங்கள். அவசரப்பட்டால் பணமும் போகும், ஆர்.சி. புத்தகமும் போகும்!

சினிமா கொடுத்த பெயர்

1973-ல் ராஜ்கபூர் எடுத்த 'பாபி' இந்திப் படம் வெளிவந்தது. ரிஷிகபூரும் டிம்பிள் கபாடியாவும் வீட்டை விட்டு ஓடுவது இந்தக் குட்டி பைக்கில்தான். அன்றோடு 'ஜி.டி.எஸ்.' என்ற கம்பெனிப் பெயர் அடிபட்டுப் போய், 'பாபி' என்ற பெயரே நிலைத்துவிட்டது!

வண்டியைத் தயாரித்தது எஸ்கார்ட்ஸ் கம்பெனி. என்ஜின், அந்தக் காலத்தில் பால்காரர் முதல் பண்ணையார் வரை ஓட்டிய ராஜ்தூத் 175-ன் அதே டூ-ஸ்ட்ரோக் என்ஜின். அதற்கும் பூர்வீகம் போலந்து நாடு! அங்கே ஓடிய 'எஸ்.எச்.எல்.' மோட்டார் சைக்கிளைப் பார்த்துப் பிறந்தது ராஜ்தூத்.

குட்டி பைக் மோகம் உலகம் முழுக்க இருந்தது. ஜப்பானில் 1961-ல் ஹோண்டா கம்பெனி ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்காகச் செய்த 50 சி.சி. வண்டிதான் பிறகு 'மங்கி' என்று பெயர் வாங்கியது. அமெரிக்காவில் கதை வேறு. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள், கனத்த மோட்டார் சைக்கிள்களின் மட்கார்டையும் மற்ற சாமான்களையும் வெட்டி எறிந்து எடையைக் குறைத்தார்கள். வெட்டியதால் அது 'சாப்பர்' ஆனது. 1969-ல் வந்த 'ஈஸி ரைடர்' படம் அதை உலகம் முழுக்கக் கொண்டு போனது. 

"வெட்டித் தாங்க அண்ணாச்சி!"

பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் வாலிபர் பட்டறையில் முதலில் கேட்பது என்ன?

"அண்ணாச்சி, முன் போர்க்கை நீட்டி, பின் மட்கார்டை வெட்டி, நிஜ சாப்பராவே ஆக்கிரலாமா?"

விவரம் தெரிந்த மெக்கானிக் என்றால் பதில் இப்படித்தான் வரும்: "தம்பி, வெட்டுதது அரை மணி வேலை. வெட்டுனதை எங்க போய்த் தேடுவ?"

அந்த மெக்கானிக் சொல்வதில் சட்டமும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே அடித்துச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தப்படி, இஷ்டத்துக்கு மாற்றும் சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் வரலாம்!

50 வயசானால் தனி மரியாதை

இன்னொரு பக்கம், வெட்டாமல் வைத்திருப்பவருக்கு யோகம் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு 'விண்டேஜ்' வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து 50 வருஷம் தாண்டிய இரு சக்கர வண்டிகளும் கார்களும் இதில் வரும். 1974-ல் பதிவான பாபிக்கு 2024-லேயே 50 வயது நிறைந்துவிட்டது!

நிபந்தனை ஒன்றுதான். சேஸ், பாடி, என்ஜின் மூன்றிலும் மாற்றம் செய்திருக்கக்கூடாது. போர்க்கை நீட்டி, பிரேமை வெட்டியவருக்கு இந்தக் கதவு மூடிவிடும்.

புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய் கட்டணம். 10 வருஷத்துக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். ஏற்கனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் விண்டேஜ் வண்டியில் தினமும் சந்தைக்குப் போக முடியாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் ஊர்வலம், பெட்ரோல், ரிப்பேர் ஆகியவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். தினம் ஓட்ட வேண்டுமா? சாதாரண மறு பதிவுதான் வழி. 15 வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு அதை 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

திருட்டு வண்டியா? உஷார்!

'ஆர்.சி. புத்தகம் தொலைஞ்சு போச்சு, அதான் சல்லிசாத் தாரேன்' என்று எவராவது சொன்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். சேஸ் நம்பர், என்ஜின் நம்பர் இரண்டும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். நம்பர் இருக்கும் இடத்தில் அரம் போட்ட தடமோ, மேலே வெல்டிங் வைத்த மேடோ தெரிந்தால் கை வைக்காதீர்கள். அந்த வண்டி நாளை போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கும், வாங்கியவர் உள்ளே நிற்பார்!

நல்ல வண்டியிலும் ஒரு ஆபத்து. துருவை எடுக்க மணல் அடிக்கும்போது நம்பர் தேய்ந்துவிடும். பட்டி பூசி பெயிண்ட் அடித்தால் மூடிவிடும். பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசில் பென்சில் தேய்த்து நம்பர் எடுக்கும்போது ஒன்றுமே விழாது. அதனால் வேலை தொடங்கும் முன்பே பேப்பர் வைத்து பென்சிலால் தேய்த்து ஒரு நகல் எடுங்கள். போட்டோவும் எடுங்கள். அந்த இடத்தில் கிரீஸ் தடவி டேப் ஒட்டிய பிறகே மணல் அடிக்க விடுங்கள்.

காலி டேங்க்தான் எமன்!

ஆற்றங்கரை ஊர்களில் ஈரம் அதிகம். பல வருஷம் நின்ற வண்டியின் டேங்க் உள்ளே துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கும். உடனே வெல்டிங் பட்டறைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. டேங்க் காலியாகத்தானே இருக்கிறது என்ற தைரியம்!

அங்கேதான் உயிருக்கு ஆபத்து. பெட்ரோல் நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் பயங்கரமானது. உள்ளே தங்கிய பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்திருக்கும். ஒரு பொறி பட்டால் குண்டு மாதிரி வெடிக்கும். சோப்புத் தூளும் வெந்நீரும் ஊற்றிப் பல தடவை குலுக்கிக் கழுவி, பற்ற வைக்கும் இடம் தவிர மற்ற இடமெல்லாம் தண்ணீர் நிரப்பிய பிறகே, அனுபவஸ்தர் கையில் கொடுக்க வேண்டும்.

எடுத்த எடுப்பில் உதைக்காதீங்க!

வருஷக் கணக்கில் நின்ற என்ஜினை ஆசையில் கிக்கரால் உதைத்தால் பிஸ்டன் ரிங் உடையும். பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறப் போடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டபோது தண்ணீரில் மூழ்கி, அப்படியே ஓரங்கட்டிய வண்டி என்றால் என்ஜினைப் பிரித்து வண்டலைக் கழுவாமல் சுற்றவே கூடாது.

அடுத்தது கார்புரேட்டர், பிளாட்டினம் பாயிண்ட், கண்டன்சர், கிராங்க் ஆயில் சீல். டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் அந்த சீல் போனால் காற்று புகுந்து வண்டி நின்று ஓடாது. பெட்ரோலோடு டூ-டி ஆயில் கலக்க மறந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை அரிக்கும். ஆகவே பெட்ரோல் டியூப்பையும் வாஷர்களையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். மாதக் கணக்கில் நிறுத்துவதானால் டேங்கில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

பாய் சொல்லும் பாடம்

பத்தமடைக்காரருக்குப் பொறுமையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். கோரையைக் கீறி, தண்ணீரில் ஊறப் போட்டு, காயவைத்து, சாயம் ஏற்றி, இழை இழையாகக் கோத்தால்தான் பட்டுப் பாய். அவசரப்பட்டால் பாய் வராது, கோரைதான் மிஞ்சும்.

பாபியும் அப்படித்தான். கழற்றிய ஒவ்வொரு நட்டையும் டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி, கிடைக்கிற பழைய சாமானைச் சுத்தம் செய்து மறுபடி மாட்டினால், தாத்தா ஓட்டிய வண்டியில் பேரன் போகலாம். வெட்டி சாப்பர் ஆக்கினால் நாலு நாள் ஊர் வேடிக்கை பார்க்கும். அஞ்சாம் நாள் போலீஸ்காரர் கை காட்டுவார்!