ஒரே சீட்டில் இரண்டு மாத்திரைகள்

முடக்குவாதத்திற்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதும்போது, அதனுடன் ஃபோலிக் அமிலமும் எழுதித் தருகிறோம். "ஒன்று நோய்க்கு, மற்றொன்று எதற்கு?" எனப் பலர் கேட்கின்றனர். இவ்விரண்டின் வரலாறும் ஒரே உயிர்வேதியியலாளரிடம் சென்று சேர்கிறது. அவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895இல் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்த அவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். இளமையில் அவருடைய அண்ணன் ஸ்ப்ரூ என்னும் குடல் நோயால் மறைந்தார். உண்பது உடலில் ஒட்டாமல், இரத்தம் குன்றி நலியச் செய்யும் நோய் அது. அன்று அதற்குத் தக்க மருந்து இல்லை.

பின்னர் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் ஆய்வு செய்தார். சைரஸ் ஃபிஸ்க்குடன் இணைந்து, இரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். தசைகளின் இயக்கத்திற்கு ஆற்றல் தரும் பாஸ்போகிரியாட்டின், ஏடிபி ஆகிய பொருள்களைக் கண்டறிய அம்முறை வழிவகுத்தது.

1940இல் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கு அவர் வழிநடத்திய குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. இரத்த அணுக்கள் உருவாக இன்றியமையாத இந்த வைட்டமின், ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும் பயன்பட்டது.

புற்றணுக்கள் பெருகுவதற்கும் ஃபோலிக் அமிலம் தேவை. ஆகவே, தோற்றத்தில் அதனை ஒத்து, செயலில் அதனைத் தடுக்கும் மருந்துகளையும் அக்குழு படைத்தது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினை மருத்துவர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அளித்தார். சிலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948இல் அறிவித்தார். அவ்வாண்டே சுப்பாராவ் 53ஆம் வயதில் காலமானார். அமினோப்டெரினின் நெருங்கிய உறவுதான் மெத்தோட்ரெக்ஸேட்.

மூட்டு நோய்க்கு அம்மருந்தை மிகக் குறைந்த அளவிலேயே தருகிறோம். அது மூட்டுகளின் அழற்சியை அடக்குகிறது. ஃபோலிக் அமிலம் வாய்ப்புண், குமட்டல் போன்ற பக்கவிளைவுகளைக் குறைக்கிறது.

மாத்திரை எடுத்துத் தரும் குடும்பத்தினர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். முடக்குவாதத்திற்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரு நாள் மட்டுமே. தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் இரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். அதற்குரிய கிழமையை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஃபோலிக் அமிலத்தைச் சீட்டில் எழுதிய நாளில் கொடுங்கள். வாய்ப்புண், காய்ச்சல், மூச்சுத்திணறல் தோன்றினால் அடுத்த மாத்திரையைத் தவிர்த்து உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். கருத்தரிக்க எண்ணுவோர் முன்கூட்டியே எங்களிடம் தெரிவியுங்கள். கருவுற்ற காலத்தில் இம்மருந்து கூடாது.