கேட்காமல் வரும் விருந்தாளிகள்

இளையாத்தங்குடியில் ஒருவர் வீடு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தரைக்கு ஆத்தங்குடிக் கல் வேண்டும் என்கிறார். அந்தக் கல்லைச் செய்பவருக்குச் சிமெண்டும் மணலும் வண்ணப்பொடியும் வேண்டும். சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும். வீட்டுக்காரர் கேட்டது தரைக்கல் மட்டுமே. ஆனால் சிமெண்டில் குறை இருந்தால் வெடிப்பு விடுவது அவர் வீட்டுத் தரைதான்!

கணிப்பொறி நிரல்களும் இப்படித்தான் உருவாகின்றன. பெரிய நிரல் எதையும் ஒருவரே முதலிலிருந்து கடைசிவரை எழுதுவதில்லை. அடிக்கடி தேவைப்படும் வேலைகளுக்குப் பிறர் முன்பே எழுதிவைத்த தொகுப்புகளை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். இத்தகைய தொகுப்புக்கு லைப்ரரி என்று பெயர்.

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? மூன்று என்பீர்கள். கணிப்பொறியோ ஐந்து என்று சொல்லும்! யூனிகோடு முறையில் அச்சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாகப் பதிவாவதே காரணம். இவற்றை முறையாகச் சேர்த்து மூன்று எழுத்துகளாகப் பிரித்துத் தரும் வேலையை ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் லைப்ரரி செய்கிறது. தமிழ்ச் சொற்களால் நிரல் எழுத உதவும் ‘எழில்’ என்னும் கணிப்பொறி மொழி இந்த லைப்ரரியைச் சார்ந்தது. எனவே நீங்கள் எழிலை நிறுவினால் ஓப்பன்-தமிழும் கூடவே வரும். எழில் நீங்கள் கேட்டது. அது நேரடிச் சார்பு. ஓப்பன்-தமிழ் கேட்காமல் வந்தது. அது மறைமுகச் சார்பு.

பதிப்புச் சண்டை

இவற்றையெல்லாம் கையால் தேடிச் சேர்ப்பது கடினம். அதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. ஜாவா மொழிக்கு மேவன், கிரேடில். ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு என்.பி.எம். நீங்கள் தரும் பட்டியலைக் கருவி படிக்கும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு லைப்ரரிக்கும் சொந்தமாக ஒரு பட்டியல் உண்டு. அதையும் படிக்கும். இப்படியே கீழே போய்க்கொண்டிருந்தால் கிளை விட்ட ஒரு மரம் கிடைக்கும்.

இங்கே ஒரு சிக்கல். உங்கள் நிரல் ‘அ’, ‘ஆ’ என்ற இரு லைப்ரரிகளைக் கேட்கிறது. இரண்டுக்குமே ‘இ’ வேண்டும். ஆனால் ‘அ’ கேட்பது அதன் முதற்பதிப்பை. ‘ஆ’ கேட்பது இரண்டாம் பதிப்பை. எதைக் கொடுப்பது? கருவிக்குக் கருவி வழக்கம் மாறுகிறது. மேவன், மரத்தில் உங்கள் நிரலுக்கு அருகில் உள்ள பதிப்பை எடுக்கும். இரண்டும் சம தூரத்தில் இருந்தால் பட்டியலில் முந்தி வந்ததை எடுக்கும். கிரேடில் பொதுவாகப் புதிய பதிப்பைத் தேர்ந்தெடுக்கும். என்.பி.எம். இரண்டையும் தனித்தனி அறையில் குடிவைத்துவிடும். இதில் சண்டை இல்லை. ஆனால் இடம் கூடுதலாகச் செலவாகும்.

ஐந்தாம் அடுக்கில் ஓர் ஓட்டை

2021 டிசம்பரில் உலகெங்கும் கணிப்பொறித் துறையினர் தூக்கம் இழந்தார்கள். ‘லாக்ஃபோர்ஜே’ என்ற ஜாவா லைப்ரரியில் பெரிய ஓட்டை இருந்தது தெரியவந்தது. நிரலில் நடப்பவற்றை நாட்குறிப்புபோல எழுதிவைப்பதே அதன் வேலை. ஒரு குறிப்பிட்ட வடிவில் அமைந்த வரியை அது எழுத நேர்ந்தால், வெளியிலிருந்து அந்நிய நிரலை இழுத்து இயக்கிவிடும். திருடனைத் தானே உள்ளே அழைப்பதுபோல!

திருத்திய பதிப்பு விரைவிலேயே வெளிவந்தது. பிறகும் ஏன் கவலை? கூகுள் நிறுவனத்தின் குழு ஒன்று அப்போது ஜாவா லைப்ரரிகளின் பொதுக் களஞ்சியத்தை ஆராய்ந்தது. 35,000-க்கும் மேற்பட்ட தொகுப்புகள் பாதிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் 80 சதவீதத்துக்கும் மேலானவற்றில் ஓட்டை நேரடிச் சார்பில் இல்லை. இன்னும் கீழே இருந்தது. பெரும்பாலானவற்றில் ஐந்தாம் அடுக்கில் இருந்தது! ஐந்தாம் அடுக்கு திருந்தினாலும் போதாது. நான்காம் அடுக்கு அந்தப் புதிய பதிப்புக்கு மாற வேண்டும். அதன்பின் மூன்றாவது, இரண்டாவது என்று ஒவ்வொன்றாக மேலே ஏறி வர வேண்டும். நடுவில் ஒருவர் தாமதித்தாலும் மேலே உள்ளவர்கள் எல்லாரும் காத்திருக்க வேண்டியதுதான். பலரோ, தங்கள் நிரலுக்குள் அந்த லைப்ரரி இருப்பதையே அறியாமல் இருந்தார்கள்.

என்ன செய்யலாம்?

முதலாவது, மரத்தைப் பாருங்கள். கேட்டால் கருவியே முழு மரத்தையும் வரைந்து காட்டும். இரண்டாவது, எந்த லைப்ரரியின் எந்தப் பதிப்பு என்பதைப் பூட்டுக்கோப்பில் பதிந்துவையுங்கள். அப்போது இன்று கட்டிய நிரலை அடுத்த ஆண்டும் அதே லைப்ரரிகளைக் கொண்டு கட்டலாம். மூன்றாவது, அவசரமானால் அடியில் இருக்கும் லைப்ரரிக்கு ‘இந்தப் பதிப்புதான் வேண்டும்’ என்று உங்கள் பட்டியலிலேயே எழுதிவிடலாம். ஆனால் நடு அடுக்குகள் அந்தப் பதிப்போடு ஒத்துப்போகின்றனவா என்று சோதித்துப் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

பள்ளிக் கணிப்பொறியில் ஏதேனும் ஒரு லைப்ரரியை நிறுவும்போது திரையில் ஓடும் வரிகளைக் கவனியுங்கள். நீங்கள் கேட்டது ஒன்று. வந்தவை எத்தனை? அவற்றை ஒரு தாளில் மரமாக வரைந்து பாருங்கள்.