துகள் கூடினால் நீர் தடிக்கும்

மூணாறிலிருந்து மாட்டுப்பெட்டியும் குண்டளையும் கடந்து, பாம்பாடும் சோலைக் காட்டின் ஊடே செல்லும் பாதை கொண்டுசேர்க்கிற வட்டவடையில், மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, கேரட்டும் உருளைக்கிழங்கும் வெள்ளைப்பூண்டும் விளைவிக்கிற தமிழ்க் குடியானவர்களுக்கு, பறித்த கேரட்டைக் கழுவிய நீர் கலங்கலாகவே நிற்பது ஒரு விசேஷமாகத் தோன்றாது. ஆனால் அந்நீரை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் மொண்டு, ஒன்றை அப்படியே விட்டு, மற்றதில் சிறிது படிகாரம் கரைத்துப் பார்ப்பவர், மிக நுண்ணிய துகள்களைக் கலந்த நானோ திரவங்களின் விஞ்ஞானத்தில் தலையாய பிரச்சினையையே கண்ணெதிரில் காண்பார். படிகாரம் இட்ட குவளையில் மண் திரிதிரியாகத் திரண்டு சீக்கிரமே அமரும். மற்றதில் கலங்கல் மறுநாளும் முற்றத் தெளியாது. அடிமண்டியைக் கவனித்தாலோ, படிகாரத்தால் விழுந்தது உப்பித் தளர்ந்து நிற்க, தானாக அமர்ந்தது இறுகி மெல்லிய படலமாகக் கிடக்கும். இரண்டிலும் மண் ஒரே அளவுதான். அதனிடையே சிறைப்பட்ட நீரின் அளவே வேறு.

திரவம் எவ்வளவு தடித்து ஓடுகிறது என்பதைக் குறிக்கும் பாகுநிலையின் சூட்சுமம் இச்சிறைப்பட்ட நீர்தான். 1906-ல் ஐன்ஸ்டீன் வகுத்து 1911-ல் திருத்திய சூத்திரப்படி, ஒன்றையொன்று பாதிக்காத உருண்டைத் துகள்கள் கனபரிமாணத்தில் நூற்றில் ஒரு பங்கு இருந்தால், திரவத்தின் பாகுநிலை நூற்றுக்கு இரண்டரை உயரும். துகள் பெரிதா சிறிதா என்பதை அச்சூத்திரம் கேட்பதில்லை. ஆயின் துகள்கள் திரண்டுவிட்டால், திரளுக்குள் அகப்பட்ட நீரும் அதனோடு சேர்ந்தே உருள்வதால், நூற்றில் ஒரு பங்காக இட்டது மூன்று நான்கு பங்குபோல் நடந்துகொள்ளும். வேகமாகக் கலக்கினால் திரள்கள் உடைந்து திரவம் இளகும். நிறுத்தினால் மறுபடியும் கூடும்.

கூடவிடாமல் காப்பது மின்னூட்டம். மிக நெருங்கிய துகள்கள் ஒன்றையொன்று ஆகர்ஷிக்கும் என்பதும், ஒரே ஜாதி மின்னூட்டம் உடையவை அவ்வளவு நெருங்குமுன்பே விலகிக்கொள்ளும் என்பதும், 1941-ல் தெர்யாகின், லண்டாவ் என்ற சோவியத் விஞ்ஞானிகளும், 1948-ல் வெர்வே, ஓவர்பீக் என்ற டச்சுக்காரர்களும் நிறுவிய கொள்கை. படிகாரத்திலுள்ள அலுமினியம் மும்மடங்கு நேர்மின்னூட்டம் உடையதாகையால் களிமண்ணின் எதிர்மின்னூட்டத்தை எளிதில் அடக்கிவிடுகிறது. சமையலுப்பால் அக்காரியத்தைச் சாதிக்க வெகு அதிகமாக வேண்டும். களிமண் துகளோ தகடு. அமிலச் சார்புள்ள நீரில் அதன் முகம் எதிர்மின்னூட்டமும் விளிம்பு நேர்மின்னூட்டமும் பெறுவதால், விளிம்பு முகத்தோடு ஒட்டி, சீட்டுக்கட்டால் கட்டிய வீடுபோல் இடைவெளி மிகுந்த அமைப்பு எழும்பும்.

மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு அளக்கப்படும் துகள்களைத் திரவத்தில் கலந்து நானோ திரவமாக்கி, வெப்பத்தை விரைந்து கடத்தச் செய்யலாம் என்று 1995-ல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் சோய் முன்வைத்த யோசனையைத் தொடர்ந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் சரித் குமார் தாஸும் டி. பிரதீப்பும் இத்துறையில் உழைத்து, சோயுடன் சேர்ந்து 2007-ல் ஒரு நூலும் வெளியிட்டார்கள். வெப்பம் நன்றாகக் கடந்தாலும் திரவம் தடித்துவிட்டால் பம்புக்கு ஆகும் மின்செலவு லாபத்தை விழுங்கிவிடும். இத்தகைய திரவங்களில் இடும் அலுமினா (அலுமினியம் ஆக்ஸைடு) துகள் அமிலச் சார்புள்ள நீரில் நேர்மின்னூட்டம் ஏற்றுத் தனித்தனியே நிற்கும். பிஎச் எண் 9-ஐ நெருங்குமிடத்தில் மின்னூட்டம் ஒழிய, துகள்கள் கூடிப் பாகுநிலை உச்சத்தை எட்டும்.

மின்னூட்டம் மிகுவது எப்போதும் நன்மையே என்று முடிவுகட்டவும் கூடாது. துகளைச் சூழ்ந்த அயனி மேகம் ஓட்டத்தில் உருக்குலையும்போது தனியே ஒரு தடை பிறக்கும் என்று 1916-ல் ஸ்மோலுசோவ்ஸ்கி காட்டினார். உப்பற்ற தூய நீரில் இம்மேகம் விரிந்து, துகளை அதன் மெய்யான பரிமாணத்தினும் பெரியதாக்கிக் காட்டும். சிறிது உப்பு மேகத்தைச் சுருக்கிப் பாகுநிலையைத் தாழ்த்தும். மேலும் இட்டாலோ, விலக்கமே ஒழிந்து, துகள்கள் கூடி, பாகுநிலை ஏறிவிடும்.

ஆகவே, துகள் இத்தனை பங்கு, பாகுநிலை இவ்வளவு என்று மட்டும் எழுதும் ஆய்வறிக்கை பாதிக் கணக்கே. நீரின் பிஎச், உப்பு, கலக்கிய விதம், கலக்கியபின் கழிந்த நேரம் ஆகியவற்றைச் சொல்லாதவரை, ஒரே துகளை ஒரே அளவில் இட்ட இரண்டு ஆய்வுக்கூடங்கள் இருவேறு எண்களைத் தருவதில் வியப்பில்லை. அவை அளந்தவை இருவேறு திரவங்கள்.