உஷார்! விரல் படாமலே வெடிக்கும் ரைஃபிள்

பழைய ரெமிங்டன் 700 ஒன்று மலிவாக வந்திருக்கிறது. வாங்கி ஒரு ஸ்கோப் மாட்டி, ட்ரிக்கரை லேசாக்கிவிட்டால் மான் சீசனுக்கு ரெடி என்று கணக்குப் போடுகிறீர்களா? கையில் இருக்கும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வையுங்கள். அமெரிக்காவில் வேட்டைக்குக் கிளம்பும் நம்மவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்த ரைஃபிளின் ட்ரிக்கரில் அரை நூற்றாண்டுக்கு மேலான ஒரு வில்லங்கம் உட்கார்ந்திருக்கிறது. தெரியாமல் கை வைத்தால் அது உங்கள் தலையில் விடியும்.

700 சந்தைக்கு வந்தது 1962-ல். அதன் ட்ரிக்கர் அதைவிடப் பழசு. 1948-ல் வெளிவந்த 721, 722 மாடல்களுக்காக மைக் வாக்கர் என்ற ரெமிங்டன் எஞ்சினியர் வடிவமைத்தது. நல்ல ட்ரிக்கர்தான், அதில் சந்தேகமில்லை. இழுத்தால் பிசிறில்லாமல் விடும். குறி சுத்தமாக விழும். அந்தச் சுத்தத்துக்காகச் சேர்த்த ஒரு சின்ன உலோகத் துண்டில்தான் வினையே ஆரம்பம்.

ட்ரிக்கரை இழுத்தால் 'சியர்' என்ற பாகம் கீழே இறங்கும். அது பிடித்து வைத்திருக்கும் ஃபயரிங் பின் பாய்ந்து தோட்டாவைத் தட்டும். பெரும்பாலான ரைஃபிள்களில் சியரை ட்ரிக்கரே நேராகத் தாங்கி நிற்கும். வாக்கர் இரண்டுக்கும் நடுவே 'கனெக்டர்' என்று ஒரு துண்டை வைத்தார். அது ட்ரிக்கரோடு இறுக்கி வைத்ததல்ல, ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பது. ஒவ்வொரு முறை சுடும்போதும் ட்ரிக்கரை விட்டு விலகும், மறுபடி வந்து உட்காரும். விலகும் அந்த நொடியில் இடைவெளிக்குள் தூசியோ, காய்ந்து பிசினான எண்ணெயோ, இரும்புத் துகளோ, பனி ஈரமோ புகுந்தால் கனெக்டர் முழுசாகத் திரும்பாது. சியருக்கு அடியில் மயிரிழை அளவுதான் பிடிமானம் இருக்கும். சில சமயம் அதுவும் இருக்காது.

சேஃப்டி போட்டிருக்கும்வரை எதுவும் தெரியாது, ஏனென்றால் அப்போது சியரைத் தூக்கிப் பிடித்திருப்பதே சேஃப்டிதான். அதை எடுக்கிறீர்கள். விரல் ட்ரிக்கர் பக்கமே போகவில்லை. டமால்!

இந்த ஆபத்து யாருக்கும் தெரியாமல் இருந்ததா என்றால், இல்லை. ட்ரிக்கர் நகராமல் தடுக்கும் ஒரு மாற்றத்தை 1948-லேயே வாக்கர் எழுதிக் கொடுத்தார். துப்பாக்கி ஒன்றுக்கு ஐந்தரை சென்ட் செலவு. நிறுவனம் வேண்டாம் என்று விட்டுவிட்டது. 2010-ல் சிஎன்பிசி டி.வி. இந்த விவகாரத்தைத் தோண்டியபோது, தொண்ணூறைத் தாண்டிய வாக்கரே அதைப் பற்றிப் பேசினார். ஐந்தரை சென்ட்! ஒரு தோட்டாவின் விலைகூட இல்லை.

1978-ல், இதே போன்ற ட்ரிக்கர் கொண்ட மாடல் 600 ரைஃபிளால் முடமான டெக்சாஸ் வழக்கறிஞர் ஒருவருக்கு நிறுவனம் 68 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. மாடல் 600 திரும்பப் பெறப்பட்டது. 700-ஐ மட்டும் தொடவில்லை. 1994-ல், பாதத்தை இழந்த இன்னொரு டெக்சாஸ்காரருக்கு 1.7 கோடி டாலர் தரச் சொன்னது ஜூரி. அதன் பிறகும் விற்பனை நடந்தது.

2000-ஆம் ஆண்டு அக்டோபர், மொன்டானா மலைப்பகுதி. வேட்டை முடிந்து திரும்பிய ஒரு தாய், ரைஃபிளிலிருந்து தோட்டாவை எடுக்கச் சேஃப்டியைத் தள்ளினார். குண்டு பாய்ந்தது. குதிரைகளை ஏற்றிச் செல்லும் ட்ரெய்லரைத் துளைத்து, அதன் மறுபக்கம் நின்ற அவருடைய ஒன்பது வயது மகன் மீது பட்டது. பையன் பிழைக்கவில்லை. அந்தம்மா அப்போது சுடுவதற்கு எதுவும் செய்யவில்லை, துப்பாக்கியைக் காலி செய்யத்தான் முயன்றார். 1982-க்கு முந்தைய 700-களில் சேஃப்டி போட்டிருந்தால், தோட்டாவை ஏற்றி இறக்கும் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். தோட்டாவை எடுக்க வேண்டுமானாலே சேஃப்டியை எடுத்தாக வேண்டும். ட்ரிக்கர் ஏமாற்றக்கூடிய அந்த ஒரு நொடியைத் தவிர்க்க வழியே இல்லாத அமைப்பு.

நிறுவனம் கடைசிவரை என்ன சொன்னது தெரியுமா? டிசைனில் குறையே இல்லை, உரிமையாளர்கள் ட்ரிக்கரைத் திருகி வைத்திருக்கிறார்கள், சுத்தம் செய்யவில்லை, குழலைப் பத்திரமான திசையில் பிடிக்கவில்லை என்றது. இதில் பாதியை நான் ஏற்கமாட்டேன். ஆனால் உங்களைப் போல வீட்டில் 'ட்யூன்' பண்ணக் கிளம்புகிறவர் கவனிக்க வேண்டிய வாதம் இது. வாக்கர் ட்ரிக்கரில் மூன்று ஸ்க்ரூக்கள். ஒன்று இழுவையின் கனத்துக்கு, ஒன்று விட்டபின் ட்ரிக்கர் எவ்வளவு ஓடும் என்பதற்கு, இன்னொன்று சியர் எவ்வளவு ஆழம் பிடித்து உட்கார வேண்டும் என்பதற்கு. ஃபேக்டரியில் இவற்றின் மேல் அரக்கு போல ஒரு பூச்சு வைத்து மூடி அனுப்புவார்கள். அதைச் சுரண்டிவிட்டு மூன்றாவதைத் தொட்டால், ஏற்கெனவே நூலளவு இருந்த பிடிமானத்தை நீங்களே இன்னும் குறைக்கிறீர்கள். கோர்ட்டுக்குப் போனால் சுரண்டிய அந்தப் பூச்சே எதிர்சாட்சி.

லேசான ட்ரிக்கர் மேல் இருக்கும் மோகமே எனக்குப் புரிவதில்லை. பெஞ்சில் மூட்டை வைத்துச் சுடும் போட்டிக்காரர்களுக்கு ஐம்பது, அறுபது கிராம் இழுவை சரி. அவர்கள் தோட்டாவோடு வேலி தாண்டுவதில்லை. நவம்பர் குளிரில் கையுறை போட்டு, விறைத்த விரலோடு மேடு ஏறுகிறவருக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாமல் இருப்பதே நல்லது. குறி தப்புவது பெரும்பாலும் ட்ரிக்கர் கனத்தால் அல்ல, பழகாத கையால்.

ஸ்கோப்புக்கு வருவோம். இங்கே சாவு குறைவு, தையல் அதிகம். கண்ணுக்கும் ஸ்கோப்பின் பின் விளிம்புக்கும் நடுவே மூன்று, மூன்றரை அங்குலமாவது இடைவெளி வேண்டும். .22-க்கென்று செய்த சின்ன ஸ்கோப்புகளில் சிலவற்றுக்கு அந்த இடைவெளி போதாது. அதைக் கழற்றி .30-06-ல் மாட்டினால் முதல் உதையிலேயே புருவத்தில் பிறை வடிவில் வெட்டு விழும். படுத்துக்கொண்டோ மேட்டை நோக்கியோ சுடும்போது தலை தானாக முன்னால் போகும் என்பதால், கடையில் நின்ற நிலையில் பார்த்து 'ஓகே' சொன்ன இடைவெளியை நம்பாதீர்கள்.

ஸ்கோப்பைத் தாங்கும் தளத்தின் ஸ்க்ரூ விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. முன்பக்கத் துளையில் ஒரு நூல் நீளமான ஸ்க்ரூவைப் போட்டாலும் அது உள்ளே நீட்டிக்கொண்டு போல்ட்டை உரசும். போல்ட் கனமாக மூடுகிறதே என்று அடித்து மூடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களின் ஸ்க்ரூக்களைப் பல கம்பெனிகள் 15 முதல் 18 இஞ்ச்-பவுண்டுக்கு மேல் இறுக்கச் சொல்வதில்லை. அது டார்க் ரென்ச் இல்லாத கைக்குத் தெரியாத அளவு.

பழைய மவுசர் 98 வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அதன் சேஃப்டி கொடிபோல் மேலே எழும்பும், ஸ்கோப்பைத் தாழ்வாக மாட்டினால் இடிக்கும். உடனே சேஃப்டியையே கழற்றி எறிகிற மகானுபாவர்கள் உண்டு. தாழ்வான ஸ்கோப்புக்கென்றே பக்கவாட்டில் நகரும் சேஃப்டி விற்கிறது, அதை வாங்கிப் போடுங்கள். ஸ்கோப் மாட்டியாச்சு என்றதும் அதையே பைனாகுலராக்கி, தூரத்தில் அசைவது மானா மனிதனா என்று பார்க்கும் பழக்கமும் வேண்டாம். பார்க்கிற இடத்துக்கெல்லாம் குழலும் கூடவே திரும்புகிறது. ட்ரிக்கர் மேலே சொன்ன ரகம் என்றால் கேட்கவே வேண்டாம்.

"புது மாடல்தான் வாங்குகிறேன்" என்று நிம்மதியடையாதீர்கள். வாக்கர் ட்ரிக்கருக்குப் பதிலாக எக்ஸ்-மார்க் ப்ரோ என்ற புதிய ட்ரிக்கர் வந்தது. 2006 மே மாதத்திலிருந்து 2014 ஏப்ரல்வரை அதை வைத்துச் செய்த ரைஃபிள்களையும் நிறுவனம் திரும்ப அழைத்தது. பாகங்களை ஒட்டும் பசை அளவுக்கு மீறிப் போனதால் விரல் படாமல் வெடிக்கலாம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். அடையாளம் எளிது. ட்ரிக்கரின் முகத்தில் விரல் படும் இடத்தைத் தடவிப் பாருங்கள். வரிவரியாக இருந்தால் பழைய வாக்கர் ரகமாக இருக்கலாம், வழவழப்பாக இருந்தால் எக்ஸ்-மார்க் ப்ரோ. இரண்டில் எதுவானாலும் துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் காட்டாமல் தோட்டா போட வேண்டாம்.

பிறகு நாடு முழுவதற்குமான வழக்கு நடந்தது. சுமார் 75 லட்சம் துப்பாக்கிகள் அதில் அடங்கின. தவறை ஒப்புக்கொள்ளாமலே, பெரும்பாலானவற்றுக்கு இலவசமாக ட்ரிக்கர் மாற்றித் தர நிறுவனம் சம்மதித்தது. மனுக் கொடுத்தவர்கள் சொற்பம். 2020-ல் கெடு முடிந்தது. நிறுவனமும் அதே ஆண்டு இரண்டாம் முறையாகத் திவால் மனுக் கொடுத்து, துண்டு துண்டாக விற்கப்பட்டது. மாற்றப்படாத லட்சக்கணக்கான ரைஃபிள்கள் இன்னும் அலமாரியிலும் அடகுக்கடையிலும் பழைய துப்பாக்கிச் சந்தையிலும் கிடக்கின்றன. உங்களுக்கு மலிவாகக் கிடைத்ததும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

ஆகவே ஸ்கோப்புக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் ட்ரிக்கரை மாற்றுங்கள். டிம்னி போன்ற கம்பெனிகள் 700-க்கென்றே கனெக்டர் இல்லாத முழு செட் விற்கின்றன. நூற்றுச் சொச்சம் டாலர்தான். மாட்டும் வேலையைக் கன்ஸ்மித்திடம் விடுங்கள். மாட்டியபின் காலி ரைஃபிளில் போல்ட்டை ஓங்கி மூடி, சேஃப்டி போட்டு ட்ரிக்கரை இழுத்து விட்டு, சேஃப்டியை எடுத்து அவர் சோதிப்பார். ஃபயரிங் பின் விழக்கூடாது. பழைய வாக்கரை இதே சோதனையில் பாஸ் ஆகிவிட்டதே என்று நம்ப முடியாது. ஆயிரம் தடவை ஒழுங்காக இருந்துவிட்டு ஆயிரத்தோராவது தடவை கைவிடுகிற ஜாதி அது.

ஒரு தடவை தானாக வெடித்துவிட்டதா? "என் விரல்தான் பட்டிருக்கும்" என்று உங்களையே சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். இன்னொரு தோட்டா போட்டுப் பார்க்காதீர்கள். குழலை மண்ணை நோக்கி வைத்து, மிச்சத் தோட்டாக்களை எடுத்துவிட்டுப் போல்ட்டைத் தனியே கழற்றிக்கொள்ளுங்கள். ட்ரிக்கரைத் துடைக்கவும் வேண்டாம், எண்ணெய் விடவும் வேண்டாம். உள்ளே மாட்டியிருந்த துகள் துடைப்பில் போய்விட்டால் கன்ஸ்மித்துக்குக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது. வெடித்தபோது இருந்த நிலையிலேயே அவர் மேஜைக்குக் கொண்டுபோங்கள்.